டோல்கேட்டைத் தாண்டிய காலை

திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறியவர் ஊர் எல்லையைத் தாண்டும்போது கண்ணை இழப்பார் என்று எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். மகிழமரத்தடியில் மனைவிக்குச் சத்தியம் செய்துகொடுத்த அடியார் ஒருவர், அதை மீறிப் புறப்பட்டு, எல்லையில் பார்வை இழந்து நின்ற கதையை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. மற்றவர்களுக்கு அது உற்சவத்தில் கேட்கும் கதை. எங்களுக்கு அது வீட்டுச் சமாசாரம்.

ஆகவேதான், அம்மா என்னை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அந்தக் காலையில், வண்டி ஊர் எல்லையான டோல்கேட்டை நெருங்கியதும் நிறுத்தச் சொன்னாள்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. வலது கண்ணிலும் மணல் விழுந்தது போல ஓயாத உறுத்தல். வெளிச்சம் படாமலிருக்க முகத்தை அம்மாவின் தோளில் புதைத்திருந்தேன். அவளுடைய நூல் புடவையில் அடுப்புப் புகையின் வாசம் இருந்தது. வண்டியில் விரித்திருந்த வைக்கோல் பனியில் நனைந்து புளித்த நெடி அடித்தது. கடற்காற்று உப்பாக இருந்தது.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் நடக்கவில்லை. சுங்கக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

வண்டிக்காரர் மஸ்தான் எங்கள் தெரு முனையில் குதிரை கட்டுபவர். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னாம்மா, எறங்கிக்கினு இங்க நின்னுட்ட? ஆஸ்பத்திரி இன்னும் எம்மாந் தூரம் கீது. ஏறு, வெயிலு ஏறுறதுக்குள்ள போய்ச் சேரலாம்."

அம்மா கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அங்கேயே நிற்கவிட்டு, நான் சற்றுப் பின்னே போக வேண்டியிருக்கிறது.

அப்பாவின் சத்தியம்

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். திருவொற்றியூரில் இரும்பு வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர். வீடு திரும்பும்போது அவருடைய சட்டையில் துத்தநாகப் புகையின் காட்டமான வாசம் ஒட்டியிருக்கும்.

என் அம்மா அவருக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, தனக்குப் பிறகு இன்னொருத்தி வரக்கூடாது என்று கேட்டிருக்கிறாள். பிழைத்து எழுந்தால் போதும் என்ற தவிப்பில் அப்பா அவளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், மகிழமரத்தடியில் வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். அவள் பிழைக்கவில்லை.

சத்தியத்தை மீறச் செய்தவள் அத்தை. அப்பாவின் தமக்கை, இளம் வயதிலேயே கணவனை இழந்து தம்பியோடு வந்து இருந்தவள். தம்பி ஒற்றை மரமாக நிற்பதைப் பொறுக்க முடியாமல் அவளேதான் ஊருக்குப் போய்ப் பெண் பார்த்தாள். தன் வளையலை உருக்கித் தாலி செய்தாள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அத்தையைப் பற்றிக் கடுமையாக எண்ணத் தோன்றியபோதெல்லாம் அந்த வளையலை நினைத்துக்கொள்வேன். அவள் பயந்தது எங்களுக்காக மட்டுமன்று. குற்றத்தில் தனக்குப் பெரும் பங்கு உண்டென்று அவள் அறிந்திருந்தாள்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவுக்கு அம்பாளின் பெயர், வடிவு. என்னைவிட மூன்று வயது மூத்தவள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, என் முதுகில் விரலால் அதே எழுத்தை எழுதி, என்ன எழுத்து என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் ஒரு கிள்ளு.

விளக்கணைத்த ஊர்

அது யுத்த காலம். கடல் பக்கமிருந்து விமானம் வரும் என்று ஊரெல்லாம் விளக்குக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். தெருவிளக்குகள் தகரக் குல்லாய் மாட்டிக்கொண்டு தம் காலடியை மட்டும் பார்த்து நின்றன. பாதிக் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டன. கீரை கொண்டுவரும் கிழவியும் வராமல் நின்றுபோனாள். நாங்கள் போகவில்லை; அப்பாவின் தொழிற்சாலை நிற்கவில்லை.

சாயங்காலமானால் அக்காவுக்கும் எனக்கும் கண் தெரிவதில்லை என்பதை யாரும் கவனிக்காமல் போனதற்கு அந்த இருட்டே காரணம். எல்லோருமே தடவிக்கொண்டு நடந்த காலத்தில் நாங்கள் தூணில் மோதியது விளையாட்டாகப் போயிற்று. இருட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்குத் தெரியாத வழியை அவள் பார்த்து நடக்கிறாள் என்று நான் நம்பினேன். அவளும் என்னைப் பற்றி அப்படியே நம்பியிருந்தாள் என்று வெகுகாலம் கழித்துத்தான் பேசிக்கொண்டோம்.

ஒருமுறை ராயபுரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது பொழுது இறங்கியிருந்தது. அக்கா படியைத் தவறவிட்டுக் கல்லில் விழுந்தாள். உள்ளே அகல் எரிந்தது. அது எரிவதே தெரியவில்லை என்றாள்.

அத்தைதான் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"எல்லையத் தாண்டிப் போயிட்டு வந்த அன்னைக்கே காட்டிட்டுது, பாத்தியாட்டி. இனிமே சத்தியம் தீர்றவரைக்கும் ரெண்டு பிள்ளையளும் டோல்கேட்டைத் தாண்டப்பிடாது, கேட்டியா."

ஆஸ்பத்திரி டோல்கேட்டுக்கு அப்பால் இருந்தது. நல்ல டாக்டர்கள் எல்லோரும் அப்பால்தான் இருந்தார்கள். அப்பாவும் அத்தை சொன்னதற்கே இணங்கினார். தண்டனை தன் கண்ணுக்கு வராமல் பிள்ளைகளின் கண்ணுக்கு வந்ததே என்ற நினைப்பில் அவர் வாய் அடைத்துப்போயிருந்தார்.

அம்பாளுக்குப் போன பால்

பரிகாரங்கள் தொடங்கின. நந்தியாவட்டைப் பூவை இரவில் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். அதன் குளிர்ச்சி இன்றும் இமையில் இருக்கிறது. மகிழம்பூ ஊறிய நீரில் முகம் கழுவினோம். வெள்ளியில் கண்மலர் செய்து அம்பாளுக்குச் சாத்தினார்கள். ஒரு மண்டலம் தினமும் பாலபிஷேகம் செய்வதாக அத்தை நேர்ந்துகொண்டாள்.

அந்த நாளில் பால் கிடைப்பது அரிது. கிடைத்ததும் தண்ணீரில் வெளுத்த பால். எங்கள் வீட்டுக்கு வந்தது பித்தளைச் செம்பில் ஒரு செம்பு. முன்பு அதுதான் எங்கள் இருவருக்குமான பால். மண்டலம் தொடங்கிய நாளிலிருந்து செம்பு நேராகக் கோயிலுக்குப் போயிற்று. நாங்கள் ரேஷன் நொய்க் கஞ்சி குடித்துவிட்டு அத்தையின் பின்னால் போய், அது அம்பாளின் தோளில் வழிந்து தரையில் ஓடுவதைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒரேயொரு முறை கேட்டாள், பாதியைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று.

"நேர்ந்ததுல பாதியக் குடுத்தா, அவளும் கண்ணுல பாதியத்தான் குடுப்பா" என்றாள் அத்தை.

மறுநாளும் செம்பு கோயிலுக்கே போயிற்று.

மண்டலம் முடிவதற்குள் அக்காவுக்கு மணல்வாரி அம்மை வந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. அக்கா வேப்பிலைப் படுக்கையில் கண்ணை இறுக்கி மூடிக்கிடந்தாள். திறந்தால் எரிகிறது என்று முனகினாள். அம்மாள் இறங்கினால் எல்லாம் சரியாகும் என்றார்கள்.

அம்மாள் இறங்கினாள். தண்ணீர் ஊற்றிய பிறகு அக்காவைச் சமையலறை வாசலில் உட்காரவைத்தார்கள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது எப்போதும் அவள் வேலை. முறம் கேட்டாள். கொடுத்தார்கள். பொறுக்கிப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வைத்த கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அக்காவின் விரல்கள் முறத்தில் இருந்தன. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

அம்மா கிட்டே வந்து அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டு கருவிழியிலும் பூ விழுந்திருந்தது, சோற்றுக் கஞ்சியின் மேல் படியும் ஆடை போல.

"நல்லாத்தானேம்மா பொறுக்குறேன்" என்றாள் அக்கா.

நான் பண்ணல

அந்த வாரத்திலேயே என் இடது கண் சிவந்தது.

விடியற்காலையில் அம்மா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். எங்கே புறப்பாடு என்று அப்பா கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றாள். சத்தியம் செய்தவன் நான்தானே, நான் எப்படி வருவது என்றார் அப்பா. 

"அப்ப நீங்க இருங்க" என்றாள் அம்மா. "நான் ஒரு சத்தியமும் பண்ணல."

அக்காவையும் எழுப்பப் போனபோது அத்தை அவளை மடியில் கிடத்திக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள். கெஞ்சினாள். "ஒண்ணையாவது எல்லைக்குள்ள விட்டுட்டுப் போ, ஏட்டி. ரெண்டும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருப்பேன்?"

அம்மா அக்காவை விட்டுவிட்டு வந்தாள்.

அத்தையின் பிடி மட்டுமே காரணம் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. அம்மாவும் அதே வீட்டில் அதே கதையைக் கேட்டவள்தான். நம்பிக்கையை அவள் உதறிவிட்டுப் புறப்படவில்லை; அதைச் சுமந்துகொண்டே புறப்பட்டாள். ஒருத்தியை எல்லைக்குள் வைத்துவிட்டுப் போவது நல்லதென்று அவள் மனத்தின் ஒரு மூலையும் சொல்லியிருக்கிறது.

இப்போது டோல்கேட்டுக்குத் திரும்பலாம்.

அம்மா நின்ற இடத்திலேயே முந்தானையை இழுத்து என் இரண்டு கண்ணையும் மூடிக் கட்டினாள். என் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள். பிறகு நடந்தாள். அவள் மார்பு அடித்துக்கொண்டது என் காதுக்குக் கேட்டது. அதற்குமேல் அவள் குரல் கேட்டது; கோயிலில் பேசும் குரல் அல்ல, காய்காரியிடம் பேசும் குரல்.

"இவ கண்ணு மூடியிருக்கு. என் கண்ணு தொறந்திருக்கு. எடுக்கணும்னா இத எடுத்துக்கோ."

கம்பத்தைத் தாண்டும் வரை அவள் இமைக்கவேயில்லை என்று மஸ்தான் பின்னாளில் சொன்னார். அவர் வண்டியைப் பக்கத்திலேயே மெள்ள ஓட்டி வந்தார். தாண்டியதும் அவள் சாலையோரம் நின்று கடலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள்.

"இன்னா, எல்லாம் தெரிதா?" என்றார் மஸ்தான். "நம்ம குதிர இன்னா கலருன்னு சொல்லு, பாப்பம்."

"அழுக்குக் கலர்" என்றாள் அம்மா. வண்டியில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

வழியெல்லாம் மஸ்தான் எங்களைப் பேச்சில் இழுத்துக்கொண்டே வந்தார். முந்தைய யுத்தத்தில் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இரவில், ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குத் தெருவெல்லாம் வெளிச்சமாக இருந்ததென்று அவருடைய நைனா சொல்வாராம். எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கட்டிய கண்ணுக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒரு கரண்டி எண்ணெய்

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மாவின் விரல்களில் கார்பாலிக் சோப்பின் வாசம். என் இமைகளை விரித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலத்தில் கண் தெரியாமல் எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சாப்பிடுகிறீர்கள், பால் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பால் உண்டு என்றாள் அம்மா. யார் குடிக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்துக் குறைவால் வருவது இது என்றார் டாக்டரம்மா. சுறா மீன் ஈரல் எண்ணெய் நாளைக்கு ஒரு கரண்டி கொடுத்திருந்தால், மாலைக்கண்ணோடு நின்றிருக்கும். வலது கண் தப்பிவிடும், இடது கண்ணில் தழும்பு நிற்கும் என்றார். வீட்டில் வேறு குழந்தை உண்டா என்று கேட்டார்.

மறுநாளே அம்மா அக்காவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இம்முறை அத்தை தடுக்கவில்லை. அம்மா டோல்கேட்டில் இறங்கவும் இல்லை. டாக்டரம்மா அக்காவின் கண்களை வெகுநேரம் பார்த்தார். அம்மை இறங்குவதற்கு முன்பே கொண்டுவந்திருந்தால், என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் எழுந்துபோனார்.

சுறா எண்ணெய் எங்களுக்குத் தெரியாத பொருளன்று. குப்பத்தில் ஈரலைக் காய்ச்சும் நாற்றம் காற்று திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வரும். சைவ வீடு, அத்தை சாம்பிராணி போட்டு அதை விரட்டுவாள். எங்களுக்கு வேண்டியிருந்தது பல மாதங்களாக எங்கள் ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது.

மஸ்தான்தான் புட்டியில் வாங்கிவந்து கொடுத்தார். "குட்ச்சிக்கோ பாப்பா. நம்ம குதிரைக்கே ஊத்துறேன் இத்த. அதான் இருட்டுல ரோட்ட வுட்டு எறங்காம ஓடினு கீது" என்றார். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். இருந்தாலும் குதிரையின் நினைப்பில்தான் விழுங்கினேன். அம்மா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வாயில் ஊற்றுவாள். அக்காவுக்கும் ஊற்றினாள். இனிப் பயன் இல்லை என்று தெரிந்த பிறகும் புட்டி காலியாகும் வரை ஊற்றினாள். அத்தை எண்ணெய் பட்ட பாத்திரங்களைத் தனியே வைத்தாள். ஆனால் அவற்றைக் கழுவியதும் அவள்தான்.

அம்மாவின் கண்கள்

அன்று எல்லையில் அம்மா ஒப்புக்கொடுத்த கண்களை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அவள் மூக்குக்கண்ணாடி அணியவில்லை. தெருப் பெண்கள் ஊசியை நீட்டினால் வாங்கி ஒரே முயற்சியில் நூல் கோத்துக் கொடுப்பாள். இந்த வயதில் என்ன பார்வை என்று யாராவது வியந்தால், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒரு கண்ணால் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலம்.

"அன்னைக்கு ஒண்ணுமே ஆகலையேடி" என்றாள். "ஏதாவது ஆகியிருந்தா, வடிவை விட்டுட்டு வந்தது சரின்னு இருந்திருப்பேன்."

அத்தைக்குக் கடைசிக் காலத்தில் கண்ணில் புரை வளர்ந்தது. எடுத்துவிடலாம் என்றார்கள். வர மறுத்துவிட்டாள். இது எனக்கு வந்து சேரவேண்டியது, நேரம் கழித்து வந்திருக்கிறது என்றாள். அப்பா ஓய்வு பெற்றபின் தினமும் செய்தித்தாள் முழுவதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார், விளம்பரம்கூட விடாமல். அந்த வேலை அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது.

பார்வை கிடைத்ததற்காக நான் நன்றியுள்ளவளா என்று, என் எழுத்தைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். காலையில் எழுந்ததும் வலது கண்ணைத் திறந்து, ஜன்னல் கம்பிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தெரிந்தால் மனத்துக்குள் கைகூப்புகிறேன். கொஞ்ச நாளாக அவை ஓரத்தில் கரைந்து தெரிகின்றன. வெயில் மேசையில் விழும் நேரத்தில் மட்டும்தான் இதை எழுத முடிகிறது. நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை; சொல்ல நினைக்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அக்காவிடம் ஒன்பது வயது வரை பார்த்த உலகம் இருக்கிறது. அவளுடைய பச்சை, கோயில் குளத்துப் பாசியின் பச்சை. என் முகமும் அவளுக்கு ஆறு வயதில் பல் விழுந்த முகம்தான். நரைத்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

இதுவரை எழுதியதை இன்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "பாதிப் பால் சங்கதிய எழுதிட்டியா?" என்றாள்.

எழுதிவிட்டேன் என்றேன்.

"பாவம் அத்தை. முழுசாத்தான் குடுத்தா. நம்ம ரெண்டு பேருக்கும் நாலு கண்ணு, அதுல பாதிகூடத் தேறல" என்று சொல்லிச் சிரித்தாள். சற்றுப் பொறுத்து, கையை நீட்டி என் முதுகைத் தேடி, விரலால் ஏதோ எழுதினாள். என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னேன். தப்பு என்று கிள்ளினாள்.

அப்பா இல்லை, அத்தை இல்லை, அம்மா இல்லை. மஸ்தானும் அவருடைய அழுக்குக் கலர்க் குதிரையும் எப்போதோ போய்விட்டார்கள். அக்கா இருக்கிறாள். நான் இருக்கிறேன். என் வலது கண் இன்னும் இருக்கிறது.